முதல் சீட்டு

தாமுவே, ரங்கூன்
12 மே 2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஹன்னா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இந்த வீட்டில் நானும் உங்கள் மகன் ஜேசுவும் சுகம். உங்கள் நெஞ்சுப் படபடப்பு குறைந்ததா, தெரேசா அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

போன் இருக்கும்போது இவள் ஏன் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பீர்கள். இங்கே தெருவில் நிறுத்திப் போனைத் திறக்கச் சொல்கிறார்கள். தமிழ் எழுத்தைப் படிக்க அவர்களில் ஆள் இல்லை. கமருன்னிசா துணி எடுக்கப் பினாங்குக்கு வந்து போகிறவரை அவள் பைதான் நமக்குத் தபால் ஆபீஸ்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் கூடைப்பந்து லீக்கின் ஆளெடுப்பு நவம்பரில். எந்த அணி முதலில் ஆள் எடுப்பது என்ற குலுக்கல் போன வாரம் முடிந்தது. உங்கள் காலத்துப் பால் டின்னையே இன்னும் குலுக்குகிறார்கள். முதல் இடம் தின்கன்ஜூன் அணிக்குப் போனது, நமக்குக் கடைசிக்கு முந்தியது. நேற்று அவர்களுடைய மேனேஜர் வீடு தேடி வந்தார். முதல் இடத்தை நமக்கே தருகிறாராம். பதிலுக்கு நல்லப்பனும் ஜேசுராஜும் வேண்டுமாம்.

முதல் இடம் கிடைத்தால் யாரை எடுப்போம் என்று கேட்காதீர்கள். ரங்கூனில் பந்தைத் தொட்டவன் எல்லாம் ஒரே பெயரைத்தான் சொல்கிறான். கியாக்தான் பையன், கோபிகிருஷ்ணன். வயது பத்தொன்பது, உயரம் ஆறடி ஆறங்குலம்.

ஜேசு நம் கேப்டன். கேப்டனை மாற்றிக் கொடுக்க உங்கள் கையெழுத்து வேண்டும் என்று கிளப்பை ஆரம்பித்தபோதே விதி எழுதி வைத்துவிட்டீர்கள். யோசித்துச் சீக்கிரம் எழுதுங்கள், அண்ணா.

அன்புத் தங்கை,
ஹன்னா

பினாங்கு
2 ஜூன் 2024

தங்கச்சி ஹன்னாவுக்கு ஆசீர்வாதம். உன் அண்ணியின் முழங்கால் மழைக்கு முனகுகிறது, மற்றபடி சுகம். நானும் சுகமாகத்தான் இருந்தேன், உன் கடிதத்தைப் பிரிக்கும்வரை.

உனக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா? கடைசி நிமிஷத்தில் இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது பந்து யார் கையில் இருக்க வேண்டும்? ஜேசு கையிலா, தாய் இன்னும் தலை வாரிவிடும் ஒரு பையன் கையிலா? போன தடவை நமக்கு முதல் இடம் வந்தபோது ஷாஹுலை எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆறடி ஐந்து! மைக்கில் 'ஷாஹுலுக்குச் சீட்டு விழுந்தது' என்று சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். இரண்டாவது சீசனில் போன் கவர் விற்கப் போய்விட்டான். ஆளெடுப்பில் சீட்டு விழுந்தவன் எல்லாம் ஆட்டக்காரன் ஆகிவிடுவதில்லை.

நல்லப்பனைக் கொடு. அவனுக்கு முப்பத்தாறு, நன்றாக உழைத்துவிட்டான், போகட்டும். ஜேசுவுக்கு முப்பத்தொன்றுதான். இன்னும் நாலு சீசன் அவன் காலில் இருக்கிறது. நானும் அண்ணியும் பினாங்குக்கு வந்தபோது அவனும் வந்திருக்கலாம். கிளப்பை விடமாட்டேன் என்று அங்கேயே நின்றான். அவனைப் பார்த்து உன்னை மாற்றிக்கொடுத்துவிட்டோம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கையெழுத்து கிடையாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆபிரகாம்

தாமுவே
23 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே நானும் ஜேசுவும் சுகம். அண்ணிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்ததும் துடைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தின்கன்ஜூன்காரர் நல்லப்பனோடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் வந்தால்தான் முதல் இடமாம். ஜேசுவின் வலது முழங்கால் ஆட்டத்துக்கு மறுநாள் வீங்குகிறது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான். இது உங்களுக்குத் தெரியாது.

கியாக்தானுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆற்று நடுவில் இருக்கிற பகோடாவுக்குப் படகு ஏறுகிற துறைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தரை. ஒரு பக்கம்தான் கூடை. செருப்புக்கூட இல்லாமல் ஆடினான். தன் கைக்கு வந்த பந்தை முதலில் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறான், அண்ணா. உயரமானவர்களிடம் நான் இதைப் பார்த்ததில்லை. இடது கை மட்டும் பலவீனம். அம்மா பெயர் பூர்ணா. துறையில் பொரித்த இறால் விற்கிறாள். அப்பா பர்மியர், இறந்துவிட்டார்.

இன்னொன்று. வார்டு ஆபீஸிலிருந்து வீடு வீடாக வந்து ஆண்பிள்ளைகளின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். நம் வீட்டுக்கு மறுபடியும் வந்தார்கள்.

கையெழுத்து விஷயத்தைத் திரும்ப யோசியுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹன்னா

பினாங்கு
11 ஜூலை 2024

ஹன்னாவுக்கு, நாங்கள் சுகம். தைலத்தின் நாற்றத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஆனால் வலிக்குக் கேட்கிறதாம்.

என் கணக்கைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நல்லப்பனோடு நம்முடைய இந்த வருஷ இடத்தையும் அடுத்த வருஷ இடத்தையும் சேர்த்துக் கொடு. அவர்களுக்கு நஷ்டம் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் ஜேசுவின் மேல் ஏன் இத்தனை ஆசை என்று அவர்களைக் கேள். முழங்கால் வீங்கிய ஆட்டக்காரனை எவனாவது முதல் இடம் கொடுத்து வாங்குவானா? நீ எதையோ மறைக்கிறாய். மேனேஜர் உனக்கு ஏதாவது சொன்னாரா, இல்லை நீதான் அவரைத் தேடிப் போனாயா?

ஜேசு ஏன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை? 'நல்லா இருக்கேன்பா' என்று வைத்துவிடுகிறான்.

ஆபிரகாம்

தாமுவே
17 ஜூலை 2024

அண்ணா, எல்லாரும் சுகம்.

உங்கள் நெஞ்சை நினைத்து எழுதாமல் இருந்தேன். இனி எழுதாமல் முடியாது. ஆமாம், நான்தான் அந்த மேனேஜரைத் தேடிப் போனேன்.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் வார்டில் பெயர்களைச் சுருட்டிப் பானையில் போட்டுக் குலுக்குகிறார்கள். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை. எதிர்வீட்டு லதாவின் தம்பி போன மாதம் போனான், இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. ஜேசுவின் பெயர் பானையில் இருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலன்றும் நான் வாசலிலேயே நிற்கிறேன். அவனை உங்களிடம் அனுப்பலாம் என்றால் ஆண்பிள்ளைகள் வெளிநாடு போகிற வழியையும் அடைத்துவிட்டார்கள்.

தின்கன்ஜூன் அணிக்குப் பின்னால் ஒரு பெரிய கை இருக்கிறது. யார் என்று எழுதமாட்டேன். அவருடைய பன்னிரண்டு ஆட்டக்காரர்கள் பெயர் எந்தப் பானைக்குள்ளும் போவதில்லை. நம்மிடமிருந்து போனால் ஜேசு அந்த அணியின் விடுதியில் பதிவாகிவிடுவான். இந்த வருஷமே கோப்பையை ஜெயிக்க மேனேஜருக்கு உண்மையில் வேண்டியது நல்லப்பனின் அனுபவம். ஜேசுவையும் எடுத்துக்கொண்டால்தான் நல்லப்பன் என்று சொன்னது நான்.

ஜேசுவுக்கு இது தெரியாது. சொன்னால் போகமாட்டான். "என்னை ஒளிஞ்சுக்கச் சொல்றீங்களா அத்தை?" என்று கேட்பான். அது வெறும் ஆட்டக்காரர் மாற்றம் என்றே அவன் நினைக்கட்டும்.

அந்தக் கியாக்தான் பையனுக்கும் பத்தொன்பது வயது. தின்கன்ஜூனுக்குப் போக இருந்தவன் நம்மிடம் வருவான். அதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

ஹன்னா

பினாங்கு
24 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் சுகம். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அண்ணிக்குச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. பக்கத்துத் தெரு சுல்தான் பீவியின் மருமகன் நாளைக்கே ரங்கூன் வருகிறார், கமருன்னிசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

யோசித்துப் பார்த்தால் இது கிளப்புக்கும் நல்லதுதான். முப்பதைத் தாண்டிய இரண்டு பேரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? ஜேசுவின் முழங்கால் இனி தேறாது. இளம் ரத்தம் வேண்டும் என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். அணியைக் கட்டுகிறவன் இன்றைய ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது, ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வருகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். யார் கேட்டாலும் இப்படியே சொல்.

பையனைப் பற்றிச் சொன்னால், இடது கை பலவீனம் என்று எழுதியிருந்தாய். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டுப் பந்து தட்டச் சொல். மூன்று மாதத்தில் சரியாகிவிடும்.

ஜேசுவிடம் அப்பாதான் முடிவு செய்தார் என்று சொல். கோபம் என் மேல் இருக்கட்டும்.

ஆபிரகாம்

தாமுவே
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, இந்த வீட்டில் நானும் கோபியும் சுகம். ஜேசு தின்கன்ஜூனில் சுகம்.

தாளைக் காட்டியதும் ஜேசு வெகுநேரம் உங்கள் கையெழுத்தையே பார்த்தான். "அப்பாவே போட்டாரா?" என்றான். ஆமாம் என்றேன். "போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை." பிறகு "யா பா தே" என்று பர்மியத்தில் சொன்னான், பரவாயில்லை என்று. வீட்டில் நம்மோடு அவன் பர்மியம் பேசுவதே இல்லை, உங்களுக்குத் தெரியும். சீருடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நல்லப்பனோடு டாக்சியில் ஏறினான். போகும்போது நல்லப்பன்தான் அழுதார்.

ஆளெடுப்பு நாளுக்கு முன்னாலேயே ஆட்டக்காரன் அணியின் ஊரில் குடியிருக்க வேண்டும் என்பது லீக் விதி. அதனால் கோபியை நம் வீட்டுப் பதிவில் சேர்த்தேன். வார்டு ஆபீஸ் பெண் ஜேசுவின் பெயரை அடித்துவிட்டு அதற்குக் கீழே இவன் பெயரை எழுதினாள். கதவு நிலையில் தலை இடித்துக்கொள்கிறான், இடித்ததும் கதவிடம் மன்னிப்புக் கேட்கிறான். காலையில் மொஹிங்கா வாங்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி, தன்னுடையதில் இருக்கிற முட்டையை என் கிண்ணத்தில் போட்டுவிடுகிறான். என்னை அத்தை என்கிறான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பூர்ணா கொண்டுவந்து விட்டுப் போனாள். கொச்சைத் தமிழில் பேசுகிறாள். "எங்க ஊர்லயும் புடிக்கிறாங்க அக்கா. ரங்கூன்ல டீம்ல இருந்தா தொட மாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் தைரியமா வுடறேன்" என்றாள்.

அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஹன்னா

தாமுவே
17 நவம்பர் 2024

அண்ணா, சுகம். கமருன்னிசா வாசலில் டாக்சியை நிறுத்தி வைத்திருக்கிறாள், விமானத்துக்கு நேரமாகிவிட்டது. நம் கோபிக்குச் சீட்டு விழுந்துவிட்டது. முதல் சீட்டே அவனுக்குத்தான். வேறு எழுத முடியவில்லை.

ஹன்னா

பினாங்கு
1 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி ஹன்னாவுக்கு, நாங்கள் பரம சுகம். உன் இரண்டு வரிக் கடிதத்தை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "உங்கள் கிளப்புக்கு ஒரு வழியா நல்ல காலம்" என்றாள்.

முதல் சீட்டு! மைக்கில் பெயர் சொன்னபோது பையன் முகம் எப்படி இருந்தது? பூர்ணா வந்திருந்தாளா? நீ எப்போதும் இப்படித்தான், கல்யாணச் செய்தியைக்கூடத் தந்தி மாதிரிதான் எழுதுவாய். அடுத்ததில் எல்லாவற்றையும் விவரமாக எழுது.

அவன் அளவுக்குப் பினாங்கு முழுக்கத் தேடி ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்கிறேன். பெட்டியைப் பார்த்த கமருன்னிசா, "இதுல குடும்பமே குடியிருக்கலாமே" என்றாள். என்னுடைய ஒன்பதாம் எண் சீருடை பீரோவின் அடியில் இருக்கும், அதையும் அவனுக்கே கொடு. ஜேசுவுக்குத் தரலாம் என்று வைத்திருந்தேன், பரவாயில்லை. முதல் மூன்று ஆட்டத்தில் பாதி நேரத்துக்கு மேல் இறக்காதே. திட்டாதே. உயரமானவர்கள் திட்டினால் கூனிக்கொண்டு ஆடுவார்கள்.

ஜேசு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறானா? பரவாயில்லை. இருக்கிற இடத்தில் சுகமாக இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
ஆபிரகாம்

தாமுவே
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு. நான் சுகம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். தப்பு என் மேல்தான், நான் எழுதியது அப்படி. கோபிக்கு விழுந்தது வார்டு பானையின் சீட்டு, அண்ணா. நம் ஆளெடுப்புக்கு நாலு நாள் முன்னால். 'முதல் சீட்டு' என்ற அந்த வார்த்தை அவனுடையது. வார்டு ஆபீஸில் முதலில் பிரித்த சுருளில் அவன் பெயர் இருந்தது. பையன் என் பக்கம் திரும்பி, "அத்தை, முதல் சீட்டே எனக்குத்தான்" என்று சிரித்தான். நம் கிளப்பில் கற்றுக்கொண்ட பேச்சு. நான் பயப்படக் கூடாது என்று சிரித்தானோ, அவனுக்கே புரியவில்லையோ, தெரியவில்லை. வாசலில் லாரி நின்றது. சட்டை எடுத்துவரக்கூட விடவில்லை.

தின்கன்ஜூன் மேனேஜரிடம் ஓடினேன். "அவன் உங்க பையன் ஆச்சே, எங்க பையன் இல்லையே" என்றார். அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. நாம்தானே வாங்கினோம்.

ஆளெடுப்பு நாளில் முதல் பெயரை நான் சொல்ல வேண்டும். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கோபிகிருஷ்ணன் என்றுதான் சொன்னேன், வேறு பெயர் வாயில் வரவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. ஜேசு எதிர் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பையனைப் பற்றிக் கேட்டான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கேக் வெட்டினேன். உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

பூர்ணா வாரா வாரம் பஸ் ஏறி வருகிறாள். பையனிடமிருந்து செய்தி இல்லை. ஷூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. போன வாரம் கேட்டாள், "ரெண்டு பேரக் குடுத்தா எம்புள்ளய வாங்குனீங்க அக்கா? ஒருத்தரு கேப்டனாமே. எம்புள்ளைக்கு அவ்ளோ மதிப்பா?" ஆமாம் என்றேன். அந்த வேதனையிலும் அவள் முகம் மலர்ந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை, அண்ணா. துறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

ஜூலையில் இந்தப் பையனைப் பற்றியும் யோசிக்கச் சொல்லி உங்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். நீங்கள் இடது கைக்குப் பயிற்சி சொல்லி எழுதினீர்கள். நானும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வரியைத் தாண்டிப் போனதில் நமக்குச் சம பங்கு.

பூர்ணாவுக்கு நீங்கள் எழுதுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன். என் வாயால் சொந்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஹன்னா

பினாங்கு
2 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய சகோதரி பூர்ணா அவர்களுக்கு, ஜேசுராஜின் தகப்பன் ஆபிரகாம் எழுதுவது.

முதல் வரியில் சுகம் சொல்லி, சுகம் கேட்பது எங்கள் வழக்கம். நான் சுகம். என் மனைவி சுகம். என் மகன் சுகம். இதற்கு அடுத்த வரி எழுத வராமல் பல தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் மகனுக்காக இரண்டு ஆட்டக்காரர்களைக் கொடுத்தோம் என்று என் தங்கை சொன்னது நிஜம். எதற்காகக் கொடுத்தோம் என்பதை அவள் சொல்லவில்லை. உங்கள் மகன் தின்கன்ஜூன் அணிக்குப் போக வேண்டியவன். அங்கே போயிருந்தால் அவனை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பத்திரமான இடத்தில் என் மகனை உட்காரவைக்கவே இந்த மாற்றத்தைச் செய்தோம். காலியான என் மகனின் இடத்துக்கு உங்கள் மகன் வந்தான். என் மகன் பெயரை அடித்த தாளில்தான் உங்கள் மகன் பெயரை எழுதினார்கள்.

இது எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. கையெழுத்துப் போடும் முன் என் தங்கை எனக்கு எழுதியிருந்தாள், அந்தப் பையனையும் யோசியுங்கள் என்று. படித்தேன். புரிந்தது. பதிலில் அதைத் தொடாமல் பந்தைப் பற்றி எழுதினேன். நவம்பரில் சீட்டு விழுந்தது என்று கடிதம் வந்தபோதும் எந்தச் சீட்டு என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ஆட்டச் சீட்டுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஷூ வாங்கக் கடைக்குப் போனேன்.

நீங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதாக அறிந்தேன். அந்தப் பெருமையை உங்களிடமிருந்து பிடுங்குகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அறிய, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை நிறுத்தமாட்டேன்.

இதை ஹன்னா படிக்கும்போது என் மகனும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் அவனை என்ன கேட்டாலும் அவன் பதில் சொல்லட்டும். நடுவில் எந்த வரியிலாவது ஹன்னா நிறுத்தினால், விடாதீர்கள், மேலே படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன் கோபிகிருஷ்ணனின் சுகம் அறியக் காத்திருக்கும்,
ஆபிரகாம்